விடை தமிழில், வினா?

தில்லி ஷாஜகான் சாலையில் உள்ள தோல்பூர் ஹவுஸ் வாசலில், வருடத்தில் சில மாதங்கள், புதுக் கோட்டும் பளபளக்கும் ஷூவுமாக இளைஞர்கள் நிற்பதைப் பார்க்கலாம். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தலைமையகம் அது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., ஐ.எஃப்.எஸ். கனவோடு புறப்பட்டவர்களில் நேர்முகத் தேர்வுவரை வந்து சேர்ந்தவர்கள் இவர்கள். வந்து சேர்வது லேசான காரியமில்லை. 2024ஆம் ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 9,92,599 பேர். முதல்நிலைத் தேர்வை எழுதியவர்கள் 5,83,213 பேர். முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்கள் 14,627 பேர். நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் 2,845 பேர். கடைசியில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,009 பேர். எழுதிய ஆயிரம் பேரில் தேறியவர்கள் இரண்டு பேர்கூட இல்லை.

இந்தக் கணக்கைப் பயிற்சி மையங்களின் விளம்பரங்களே சொல்லிவிடும். அவை சொல்லாத ஒரு விஷயம் உண்டு. முதன்மைத் தேர்வின் விடைகளை ஆங்கிலத்தில் மட்டுமல்ல, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் எழுதலாம். தமிழிலும் எழுதலாம். ஆனால் வினாத்தாள்? மொழித் தாளையும் இலக்கியத் தாள்களையும் தவிர்த்து மற்ற எல்லாத் தாள்களும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகின்றன. முதல்நிலைத் தேர்வுக்கும் இதே கதைதான்.

அதாவது, தமிழில் எழுதும் மாணவர் முதலில் மொழிபெயர்ப்பாளராக வேண்டும். அதற்குப் பிறகுதான் தேர்வர்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால் இந்தச் சுமையின் எடை எனக்குத் தெரியும். பொது அறிவுத் தாள் ஒன்றுக்கு மூன்று மணி நேரம், 20 கேள்விகள். பாதிக் கேள்விகளுக்கு 150 சொற்களிலும் மீதிக்கு 250 சொற்களிலும் விடை எழுத வேண்டும். சராசரியாக ஒரு கேள்விக்கு ஒன்பது நிமிடம். இந்த ஒன்பது நிமிடத்தில் தமிழ் மாணவர் ஆங்கில வாக்கியத்தைப் படித்து, அதன் முடிச்சை அவிழ்த்து, தமிழில் யோசித்து, தமிழில் எழுத வேண்டும். பத்திரிகை அலுவலகத்தில் அகராதியும் அருகில் கேட்க நாலு பேரும் இருக்கும்போதே நாங்கள் ஒரு பத்திக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்வதுண்டு.

கேள்விகளின் வால் பகுதியைக் கவனியுங்கள். 'டிஸ்கஸ்', 'எலூசிடேட்', 'கிரிட்டிக்கலி எக்ஸாமின்', 'கமென்ட்' என்று முடியும். விவாதிக்க, விளக்குக, குறைநிறைகளோடு ஆராய்க, கருத்துரைக்க என்று தமிழில் சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டிய விடையின் வடிவம் வேறு. விளக்கச் சொன்ன இடத்தில் விமர்சித்தாலும், விமர்சிக்கச் சொன்ன இடத்தில் விளக்கினாலும் மதிப்பெண் போய்விடும்.

கலைச்சொல் இன்னொரு கண்ணிவெடி. அரசு வரி போட்டுச் செலவு செய்யும் கொள்கை ஒன்று. ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தின் மூலம் பணப்புழக்கத்தைக் கட்டுப்படுத்தும் கொள்கை வேறொன்று. நம் நாளிதழ்களோ இரண்டையுமே 'நிதிக் கொள்கை' என்று எழுதிவிடுகின்றன. பின்னதைப் 'பணவியல் கொள்கை' என்று பிரித்துச் சொல்லாவிட்டால் விடையே தடம் புரளும். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் செல்லுமா என்று நீதிமன்றம் பரிசீலிப்பதும் 'மறு ஆய்வு', தான் தந்த தீர்ப்பையே நீதிமன்றம் திரும்பப் பார்ப்பதும் 'மறு ஆய்வு' என்று புழங்குகிறது. வாசகருக்கு இடம் பொருள் பார்த்துப் புரிந்துவிடும். விடைத்தாள் திருத்துபவர் அந்தச் சலுகையைத் தர வேண்டும் என்று கட்டாயமில்லை.

சொல் வரம்பிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'நடைமுறைப்படுத்தப்படாததால்' என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஐந்தாறு சொற்கள் வேண்டும். 150 சொற்கள் என்ற வரம்பு தமிழில் எழுதுபவருக்குச் சாதகம் என்று தோன்றும். ஆனால் பேனாவுக்கு எழுத்துதான் கணக்கு, சொல் அல்ல. ஒன்பது நிமிடம் எல்லோருக்கும் ஒன்பது நிமிடம்தான்.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஆங்கிலத்திலேயே எழுதிவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் கொஞ்சம் வரலாற்றைப் புரட்ட வேண்டும். 1855இல் லண்டனில் இந்தத் தேர்வு முதன்முதலாக நடந்தபோது கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் தலா 750 மதிப்பெண். சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375. இந்தியாவை ஆளப் போகிறவர்களுக்கான தேர்வில் இந்தியாவில் கற்கும் மொழிகளுக்குப் பாதி விலை. இந்தத் தடைகளைத் தாண்டி 1863இல் தேறிய முதல் இந்தியர் சத்யேந்திரநாத் தாகூர். இந்தியாவிலும் தேர்வு நடக்க 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேர்வின் மொழி எது என்ற கேள்வி, ஆளப் போவது யார் என்ற கேள்வியிலிருந்து என்றைக்கும் பிரிந்திருக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு இது நன்றாகவே தெரியும். 1965 ஜனவரி 26 முதல் இந்தியே ஆட்சிமொழி என்ற நிலை வந்தபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மத்திய அரசு வேலைகளுக்கான தேர்வுகள் இந்திக்குப் போய்விட்டால் தங்கள் கதி என்ன என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அகில இந்தியத் தேர்வுகள் ஆங்கிலத்தில் தொடரும் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அந்தப் பிப்ரவரியில் வானொலியில் உறுதி சொன்னார். 1968 ஜனவரியில் வெளியான நாடாளுமன்றத் தீர்மானம் இன்னும் ஒரு படி மேலே போனது. தேர்வாணையத்தின் கருத்தைக் கேட்டபின் எட்டாவது அட்டவணை மொழிகள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தையும் உயர் பணித் தேர்வுகளுக்கு மாற்று மொழிகளாக அனுமதிக்க வேண்டும் என்றது அது. டி.எஸ். கோத்தாரி தலைமையிலான குழு 1976இல் அறிக்கை தந்தது. 1979இல் முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என்ற இன்றைய அமைப்போடு தாய்மொழியில் விடை எழுதும் உரிமையும் வந்தது.

அந்த வாசல் வழியாக நுழைந்தவர்களில் முக்கியமானவர் ஆர். பாலகிருஷ்ணன். தமிழ் இலக்கியம் படித்தவர், 'தினமணி'யில் பணியாற்றியவர். 1984இல் தமிழிலேயே தேர்வெழுதி ஐ.ஏ.எஸ். ஆனார். அப்படித் தேறிய முதல் தமிழ் மாணவர் என்று அறியப்படுகிறார். ஒடிசாவில் பெரும் பொறுப்புகளை வகித்தார், தேர்தல் ஆணையத்தில் துணை ஆணையராக இருந்தார். தமிழில் எழுதித் தேறியவரால் இன்னொரு மாநிலத்தை நிர்வகிக்க முடியுமா என்ற சந்தேகத்துக்கு இந்த ஒரு வாழ்க்கையே போதுமான பதில்.

ஆனாலும் பாதை அகலமாகவில்லை. தில்லியின் பழைய ராஜேந்தர் நகருக்குப் போய்ப் பாருங்கள். பிரிவினையில் வந்த அகதிகளுக்காக உருவான குடியிருப்பு அது. இன்று சுவரெல்லாம் தேர்ச்சி பெற்றவர்களின் படங்கள், சந்தெல்லாம் நகல் எடுக்கும் கடைகள். அடுத்தாற்போல் கரோல் பாக். தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்த பகுதி என்பதால் இட்லி, சாம்பாருக்குப் பஞ்சமில்லை. தமிழில் வகுப்பு மட்டும் இல்லை. அரசியல் சட்டம் என்றாலும் பொருளாதாரம் என்றாலும் பாடம் ஆங்கிலத்தில், இல்லையென்றால் முகர்ஜி நகர் பக்கம் போனால் இந்தியில்.

அங்கே படிக்கும் திண்டுக்கல் மாவட்டத்து மாணவர் ஒருவர் தன் நோட்டைக் காட்டினார். இடப்பக்கம் வகுப்பில் எழுதிய ஆங்கிலக் குறிப்பு. வலப்பக்கம் இரவில் உட்கார்ந்து அவரே செய்த தமிழ். "சார், 'கோஆப்பரேட்டிவ் ஃபெடரலிசம்'னா கூட்டுறவுக் கூட்டாட்சின்னு எழுதலாமா? திருத்தறவங்களுக்குப் புரியுமா?" என்று கேட்டார். "தாராளமா எழுதுங்க தம்பி. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சொல்லையும் போடுங்க. கலைச்சொல்லுக்கு அதை விதியே அனுமதிக்குது" என்றேன். அவர் கேட்ட அடுத்த கேள்விக்குத்தான் பதில் சுலபமாக இல்லை. "இதையெல்லாம் ஊர்ல உட்கார்ந்தே படிச்சிருக்கலாமோ சார்?"

அந்தக் கேள்வியின் பின்னால் வாடகையும் கடனும் மட்டும் இல்லை. 2023 ஜூனில் முகர்ஜி நகரில் பயிற்சி மையம் இருந்த கட்டிடத்தில் தீப்பிடித்து, மாணவர்கள் ஜன்னல் வழியே கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜேந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் நிலவறை நூலகத்துக்குள் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். தில்லிக்கு வந்தால்தான் தேற முடியும் என்ற நம்பிக்கைக்கு இந்த விலையும் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 'நான் முதல்வன்' திட்டத்தின்கீழ் 2023 முதல் ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கும், முதல்நிலையில் தேறினால் 25,000 ரூபாயும் தருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தமிழில் நல்ல பாடநூல்கள் ஊரிலேயே கிடைக்கும்படி செய்வது இதற்கு நிகரான உதவி. 1960களிலும் 70களிலும் கல்லூரிப் பாடநூல்களைத் தமிழில் வரிசையாக வெளியிட்ட மாநிலம் இது.

சரி, வினாத்தாளைத் தமிழில் தருவதில் என்ன தடை? மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன.

அதிகாரிக்கு ஆங்கிலம் தெரிய வேண்டாமா என்பது முதல் காரணம். வேண்டும். அதைச் சோதிக்கத்தான் 300 மதிப்பெண்ணுக்குத் தனியாக ஓர் ஆங்கிலத் தாள் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தரம், 25 சதவீதம் எடுத்தால் தகுதி. அங்கே ஒருமுறை சோதித்தபின் வரலாற்றிலும் நிர்வாக அறத்திலும் ஏன் மறுபடி ஆங்கிலத்தைச் சோதிக்க வேண்டும்? இத்தனைக்கும் நேர்முகத் தேர்வைத் தமிழில் தர விரும்புபவருக்கு ஆணையமே மொழிபெயர்ப்பாளரை உட்கார வைக்கிறது. பேச்சில் ஏற்ற நியாயத்தை எழுத்தில் மறுப்பது பொருந்தவில்லை.

இரண்டாவது, ரகசியம். பல கைகளுக்குப் போனால் தாள் கசிந்துவிடும் என்கிறார்கள். மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு 13 மொழிகளில் நடக்கிறது. 2024இல் அதன் வினாத்தாள் கசிந்தது உண்மை. ஆனால் சி.பி.ஐ. கண்டறிந்தபடி அது களவு போனது ஹசாரிபாகில் ஒரு பள்ளியில் வைத்திருந்த பெட்டியிலிருந்து. மொழிபெயர்ப்பாளரின் மேஜையிலிருந்து அல்ல.

மூன்றாவது, தமிழில் எழுதுபவர்கள் குறைவு என்பது. கடையைத் திறக்காமலேயே வாடிக்கையாளர் வரவில்லை என்று சொல்வதுபோல இருக்கிறது இது. மத்திய ஆயுதப் படைக் காவலர் தேர்வை 2024 முதல் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடத்த உள்துறை அமைச்சகம் முன்வந்தது. காவலருக்கு முடிவது கலெக்டருக்கு முடியாதா?

ஆனால் என் தொழில் சார்ந்து ஓர் எச்சரிக்கை. தமிழில் வினாத்தாள் வேண்டும் என்று கேட்பதோடு நின்றுவிட்டால் ஆபத்து. 2014இல் முகர்ஜி நகர் மாணவர்கள் திறனறித் தாளை எதிர்த்துப் போராடியபோது, இந்தி மொழிபெயர்ப்பின் லட்சணமும் சந்திக்கு வந்தது. எஃகு ஆலையைக் குறிக்கும் 'பிளான்ட்' இந்தியில் தாவரமாகிவிட்டது என்று வாய்க்கு வாய் பேசிக்கொண்டார்கள். நமக்கும் அனுபவம் உண்டு. 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு வந்தது. 'சிறுத்தை' இருக்க வேண்டிய இடத்தில் 'சீத்தா' இருந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் ரத்து செய்தது. பிழை செய்தவர் எங்கோ இருக்க, தவித்தவர்கள் மாணவர்கள்.

ஆகவே கேட்க வேண்டியதை முழுதாகக் கேட்போம். பாடம் தெரிந்த ஒருவரும் தமிழ் தெரிந்த ஒருவரும் சேர்ந்து மொழிபெயர்க்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் படித்துப் பார்த்து, கேள்வி புரிகிறதா என்று சொல்ல வேண்டும். தமிழுக்குப் பக்கத்தில் ஆங்கில மூலமும் அச்சாக வேண்டும். எந்தக் கலைச்சொல்லை ஏற்போம் என்ற பட்டியலை ஆணையம் முன்கூட்டியே வெளியிட வேண்டும். திருத்துபவர் கையிலும் அதே பட்டியல் இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் முடியாத காரியம் இல்லை. 2013 மார்ச்சில் தாய்மொழியில் எழுதும் உரிமையைச் சுருக்கும் விதிகள் வந்தபோது, தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் குரல் கொடுத்ததும் பத்தே நாளில் மத்திய அரசு அவற்றை நிறுத்தி வைத்தது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி.

1968ஆம் ஆண்டுத் தீர்மானத்தால் விடைத்தாள் தமிழுக்கு வந்தது. வினாத்தாள் இன்னும் வரவில்லை. அது வரும்வரை தமிழில் எழுதும் ஒவ்வொரு மாணவரும் அதே மூன்று மணி நேரத்தில் இரண்டு தேர்வுகளை எழுதிக்கொண்டிருப்பார். மதிப்பெண் ஒன்றுக்கு மட்டும்தான்.