பைக் பழுதா நானா?

போன கிழமை அஸர் தொழுதுவிட்டு, பள்ளிவாசலடியிலிருந்து கடற்கரைப் பக்கம் நடக்கத் தொடங்கினேன். போய்த் திரும்ப முக்கால் மணித்தியாலம். அதற்குள் ஐந்து பேர் வாகனத்தை நிறுத்தினார்கள்.

முதலாவது, எங்கள் ஒழுங்கைத் தம்பி ஒருவன். பிரேக்கை ஓங்கி மிதித்து, "பைக் பழுதா நானா?" என்றான். இல்லை என்றேன். "பெட்ரோல் முடிஞ்சிட்டா?" இல்லை. "அப்ப ஏறுங்க, விட்டுட்டுப் போறன்." சும்மாதான் நடக்கிறேன், நீ போ என்றேன். அவன் முகம் மாறியது. மௌத் வீட்டில் பேசுகிற குரலுக்கு இறங்கி, "டொக்டர் சொன்னவரா நானா? சீனி எவ்வளவில நிக்குது?" என்று கேட்டான்.

இரண்டாவது ஆளும் சீனியைத்தான் கேட்டார். மூன்றாவது ஆள் பிரஷர் என்று முடிவெடுத்தே வந்தவர். வெறும் வயிற்றில் உள்ளி தின்னச் சொன்னார். நாலாவது ஆள் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் ஏதோ சண்டை, மனுசன் கோபித்துக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டார் என்று தனக்குள் தீர்ப்பெழுதி, "எல்லாம் சரி வரும்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஐந்தாவது ஆட்டோக்காரர். "காசைப் பிறகு பார்ப்பம், ஏறுங்க."

எங்கள் சிலாவத்துறையில் நடக்கிறவன் மூன்று பேரில் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்: வண்டி பழுதானவன், வருத்தக்காரன், வங்குரோத்தானவன். சும்மா நடக்கிறவன் என்று நாலாவது சாதி ஒன்று உண்டு என்பதை இந்த ஊர் ஒத்துக்கொள்ளாது. ஏனென்றால் சும்மா நடக்க வேண்டுமானால் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். எங்கள் ஊரிலோ பார்க்க ஒன்றுமில்லை. இது ஊரே கூடி நிறைவேற்றிய தீர்மானம். எதிர்த்து வாக்களித்தவன் நான் ஒருவன்தான்.

அன்று இரவே அந்தத் தீர்மானத்தை வழிமொழிய ஒரு மச்சான் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். கலியாணமொன்றுக்காக, மதவாச்சியால் சுற்றி, ஏசி வானில் வந்தவர். வந்த கையோடு அல்லிராணி கோட்டைக்குப் போய், நாலு செல்ஃபி எடுத்து, வானை விட்டு மொத்தமாகப் பத்து நிமிடம் இறங்கி நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஊரைப் பார்த்து முடிச்சாச்சு மச்சான். வேற இங்க என்ன இருக்கு?" என்றார்.

என்ன இருக்கு? இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் வருடக்கணக்காகத் தயாராக இருக்கிறது. அதன் பெயர் ரொபர்ட் நொக்ஸ்.

நொக்ஸ் ஒரு வெள்ளைக்காரக் கப்பல்காரர். 1660இல் மூதூர்ப் பக்கம் கண்டி ராசாவின் ஆட்களிடம் அகப்பட்டு, பத்தொன்பது வருடத்துக்கு மேல் மலைநாட்டில் கைதியாகக் கிடந்தார். 1679இல் இன்னொரு கைதியையும் கூட்டிக்கொண்டு, சில்லறைச் சாமான் வியாபாரி போல வேடம் போட்டு, கால்நடையாகப் புறப்பட்டார். அநுராதபுரத்துக்கு வந்து, மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்தார். அந்த ஆறு எங்கள் பக்கம் வரும்போது அருவியாறு. ஆறு எங்கே கொண்டுபோய் விட்டதோ அங்கே, அந்த வருடம் ஒக்டோபரில், வந்து ஏறினார். அது எங்கள் பக்கத்து அரிப்பு. அங்கே இருந்த ஒல்லாந்தரின் கோட்டையில்தான் அவருடைய சிறை முடிந்தது. ஏறத்தாழ நாலு கிழமை நடை. பைக் பழுதாகவில்லை. சீனியும் இருந்ததாகத் தெரியவில்லை.

மச்சானுக்கு இதைச் சொன்னேன். "அது தப்பி ஓடின மனுசன். ரசிக்கவா நடந்தவன்?" என்றார். கெட்டிக்காரத்தனமான கேள்வி என்று நினைத்திருப்பார். சரி, தப்பி ஓடின மனுசன்தான். ஆனால் ஊருக்குப் போய் 1681இல் அவர் போட்ட புத்தகத்தைப் பாருங்கள். தாளிப்பனையின் ஒரே ஒரு ஓலைக்குக் கீழே பதினைந்து இருபது பேர் மழைக்கு ஒதுங்கலாம் என்று எழுதுகிறார். காட்டு அட்டையை எழுதுகிறார், பலாப்பழத்தை எழுதுகிறார், வெற்றிலை போடுகிற விதத்தை எழுதுகிறார். உயிருக்குப் பயந்து கிடந்தவனின் கண்ணுக்கு இவ்வளவும் பட்டிருக்கிறது. ஏசி வானில் பயமே இல்லாமல் வந்தவருக்குத் தெரிந்தது நாலு செல்ஃபி.

மச்சான் செல்ஃபி எடுத்த அந்த அல்லிராணி கோட்டையின் கதையும் இருக்கிறது. அது கோட்டையே இல்லை. அல்லிராணி அதில் ஒரு நாளும் குந்தியதும் இல்லை. இலங்கையின் முதல் ஆங்கில ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை பார்க்க 1801 முதல் 1804 வரை கட்டிய மாளிகை அது. கிரேக்கப் பாணித் தூண்கள் வைத்ததால் வெள்ளைக்காரர் அதை 'டொரிக்' என்றார்கள். இப்போது கடல் கரையை அரிக்க அரிக்க, சுவர் சுவராகக் கீழே போய்க்கொண்டிருக்கிறது. இருக்கிற சுவரிலும் காதலர்கள் பெயர் எழுதுகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் ராணியின் கதையைக் கேட்டு வாயைப் பிளந்துவிட்டு, சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீனை ராணிக்குக் காணிக்கையாகப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஊரின் பெருமை பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சிலாபம் என்றால் முத்துக்குளிப்பு, சிலாபத்துறைதான் சிலாவத்துறை ஆனது என்பார்கள். "அந்தக் காலத்தில ஊர் எப்பிடி இருந்தது தெரியுமா?" தெரியும். 1905இல் இந்தக் கடலில் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி அள்ளினார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு சுழியோடிகளுக்கு. அள்ளிய சிப்பியை உடனே திறப்பதில்லை. வெயிலில் போட்டு அழுக விடுவார்கள். 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் அரசாங்க வேலை பார்த்த லெனார்ட் வூல்ஃப் முதற்கொண்டு, வந்த வெள்ளைக்காரரெல்லாம் ஈயையும் நாற்றத்தையும் எழுதாமல் விடவில்லை. எங்கள் பொற்காலம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த காலம். இன்றைக்குச் சோளகக் காற்றை நெஞ்சு நிறைய இழுக்க முடிகிறது. ஆனால் இதுதான் ஒன்றுமில்லாத காலமாம். முத்து இருந்தால்தான் ஊர், இல்லாவிட்டால் வெறும் மணல் என்பது முத்தெடுக்க வந்த கொம்பனிக்காரனின் கணக்கு. அவன் போய் நூறு வருடத்துக்கு மேலாகிறது. கணக்கை மட்டும் நாங்கள் இன்னும் கைவிடவில்லை.

சரி, என்னதான் இருக்கிறது?

காலையில் பாண் ஆட்டோ வருகிறது. அதன் ஒலிபெருக்கியில் போவது 1810இல் பீத்தோவன் எழுதிய ஃபர் எலிஸ். இந்தத் தீவின் மூலைமுடுக்கெல்லாம் பீத்தோவன் பாண் விற்கிறார். வீட்டுக்குள் இருந்து கேட்டால் அது பசி. ஒழுங்கையில் நின்று கேட்டால் வேடிக்கை: இசை வளைவுக்கு அந்தப் பக்கம் மெலிந்து, இந்தப் பக்கம் தடித்து வரும். அது வருவதற்கு முன்பே எங்கள் ஒழுங்கை நாய் எழும்பி நிற்கும். துறையில் மீனைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். வாங்க வேண்டாம், சும்மா நில்லுங்கள். கூறு போடுகிறவர் கடைசியில் ஒவ்வொரு கூறிலும் ஒரு சின்ன மீனைத் தூக்கி வைப்பார். அது நிறைக்கு அல்ல, மனச்சாட்சிக்கு. வலை பொத்துகிறவர் கால் பெருவிரலில் நூலை மாட்டி இழுக்கிற இழுப்பைப் பாருங்கள். கருவாட்டுப் பாயில் காகம் பார்க்க விட்ட பொடியன், காகத்தை விட்டுவிட்டு நண்டோடு விளையாடுகிறான். பின்னேரம் ஒரு சுருள் கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு, கச்சான் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நடந்தால், தின்பதற்கும் வீசுவதற்கும் ஒரே பெயர் வைத்த தமிழை நினைத்துத் தனியாகச் சிரிக்கலாம். தனியாகச் சிரித்துக்கொண்டு நடக்கிறவனைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்பது வேறு விஷயம்.

இதில் எதையும் பைக்கில் இருந்து பார்க்க முடியாது. பைக்கில் இருந்து தெரிவது பள்ளமும் மாடும்தான்.

உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். வங்காலைக் கடனீரேரிக்குப் பூநாரை வந்தால், பெரிய பெரிய கமராக்களைத் தூக்கிக்கொண்டு தெற்கிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் எடுத்த படத்தை, பக்கத்தில் இருக்கிற நாங்கள் வட்சப்பில் பார்த்து, "மாஷா அல்லாஹ், இது எந்த நாடு?" என்கிறோம். இன்னொரு கூட்டம் ட்ரோனோடு வந்து, "யாருமே அறியாத கடற்கரை" என்று பெயர் போட்டுக் காணொளி விடுகிறது. யாருமே அறியாததாம். எங்களையெல்லாம் எந்தக் கணக்கில் சேர்த்தார்களோ.

2022ஐ மறந்துவிட்டீர்களா? பெட்ரோல் இல்லை. வரிசையில் நின்று காய்ந்தோம். பிறகு கியூஆர் வந்தது. பைக்குக்குக் கிழமைக்கு நாலு லீட்டர். அந்த நாட்களில் ஊரே நடந்தது. என்னை நிறுத்தி ஒருவரும் சீனி கேட்கவில்லை. தெருவில் ஆளுக்கு ஆள் ஸலாம் சொன்னோம். யாருடைய முருங்கை பூத்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெட்ரோல் கோட்டாவைக் கூட்டினார்கள், அடுத்த நாளே ஊரின் கால் மடங்கிவிட்டது. பெட்ரோலோடு பார்வையும் இறக்குமதியாகிற நாடு இது ஒன்றுதான் போலும்.

பெண்களின் கதையைக் கேட்கவே வேண்டாம். நான் நடந்தால் நோயாளி. என் ராத்தா நடந்தால் விசாரணை. "எங்க போறீங்க? ஆரோட போறீங்க? வீட்டில ஆளில்லையா?" சும்மா நடப்பதற்கு ஆண்பிள்ளைக்கு ஒரு வருத்தம் வேண்டும், பெண்பிள்ளைக்கு வருத்தத்தோடு துணைக்கு ஒரு ஆளும் வேண்டும். கடற்கரைக்கு அரைக் கட்டை தூரத்தில் பிறந்து, கடலில் காலை நனைத்துப் பல வருடமான பெண்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களும் ஊரில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் மட்டும் நியாயம் இருக்கிறது.

நடக்கவிடாமல் செய்தால் ஊர் என்னவாகும் என்பதை எங்களைவிடத் தெரிந்தவர் யார்? 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். நாங்கள் புத்தளத்துக் கொட்டில்களில் போய் விழுந்தோம். அங்கே இருந்த காலமெல்லாம் வாப்பா இரவில் பாயில் படுத்துக்கொண்டு ஊரை நடந்து காட்டுவார். பள்ளிவாசலைத் தாண்டினால் புளியமரம், அதற்கு அடுத்தது கிணறு, கிணற்றுக்கு இந்தப் பக்கம் மாமியின் படலை. அல்லிராணி கோட்டையைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. முத்தைப் பற்றியும் இல்லை. கிணற்றுக்கட்டில் எந்தப் பக்கம் கல் பெயர்ந்திருந்தது என்று சொல்வார். நாங்கள் திரும்பி வந்தபோது கிணறு தூர்ந்திருந்தது, படலை இல்லை, வாப்பாவும் இல்லை. ஊரின் நடுவில் கடற்படை முகாம் இருந்தது. அந்தக் காணியை விடச் சொல்லி 2019இல் சனம் நாட்கணக்காகக் குந்தியிருந்து போராடியது. எதற்கென்று நினைக்கிறீர்கள்? பார்க்க ஒன்றுமில்லாத ஊருக்கா?

போராட்டப் பந்தலுக்கு எல்லோரும் வந்தோம். பைக்கில் வந்தோம்.

ஆக, மச்சான்மாரே, தம்பிமாரே, மறுபடியும் நொக்ஸிடமே வருகிறேன். முள்ளும் யானையும் நிறைந்த காட்டில் நொக்ஸ் நடந்தார். கையில் அலைபேசி இல்லை. நடந்த அடியை எண்ணிக் காட்ட மணிக்கூடும் இல்லை. எங்கள் அரிப்பை அடைய அவருக்குப் பத்தொன்பது வருடம் பிடித்தது. நீங்கள் படலையைத் திறந்தால் போதும்.

இப்படியெல்லாம் மனதுக்குள் எழுதிக்கொண்டு நேற்றும் நடந்தேன். அதே வளைவு. அதே தம்பி. அதே பிரேக். "என்ன நானா, இன்னும் பைக் சரிவரேல்லையா?" நொக்ஸை எடுத்துச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நொக்ஸைச் சொல்லி முடிப்பதற்குள் மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிடுவார்கள். பார்க்க வந்த வெளிச்சம் போய்விடும்.

"ஓம் தம்பி," என்றேன். "சீனிதான்."

அவனுக்கு என்ன நிம்மதி! "அப்ப நல்லா நடங்க நானா" என்று வழிவிட்டுப் போனான். கடல் மட்டும் நடந்தேன். ஒருவரும் நிறுத்தவில்லை. இத்தனை நியாயம் பேசிக் கிடைக்காத சுதந்திரம் ஒரு பொய்யில் கிடைத்துவிட்டதே என்று மகிழ்ந்துகொண்டே திரும்பி வந்து, வழக்கம்போலத் தேத்தண்ணிக் கடையில் குந்தி, ஒரு பிளேன்டீ சொன்னேன்.

சேதி எனக்கு முன்னே வந்து சேர்ந்திருந்தது. கடைக்காரர் கிளாஸை மெதுவாக, மிக்க இரக்கத்தோடு, என் முன்னால் வைத்தார். ஒரு மிடறு குடித்தேன். சீனி இல்லை.