புறநகர் என்ற பெயர் பெறாத பாதை

சென்னையில் வசிக்கும் நம் உறவினர்கள் ஊருக்கு வரும்போது, தங்கள் நகரத்து மின்சார வண்டியைப்பற்றிச் சற்றுப் பெருமையாகவே பேசுவதுண்டு. பெருமைக்குக் காரணமும் இருக்கிறது. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரையில் சுமார் 30 கிலோமீட்டர் தூரத்துக்கு, 1931ஆம் ஆண்டிலேயே அங்கே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அதே 1931இல்தான், அதுவரையில் சாக்கையோடு நின்றுகொண்டிருந்த திருவனந்தபுரத்துப் புகைவண்டி நகரின் நடுவே தம்பானூருக்கு வந்து சேர்ந்தது. அப்படி வந்து சேர்ந்த வண்டி தெற்கே நேமத்தை எட்டிப் பார்க்க இன்னும் 48 ஆண்டுகள் பிடித்தன.

நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்துக் குடும்பங்களில் இன்று பிள்ளைகளாக இருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ரயில் என்பது ஆறும் மலையும்போல என்றைக்கும் இங்கே இருந்தது என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் முதல் இருப்புப்பாதை 1904இல் வந்தது. அது செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொல்லத்துக்கு வந்த சிறிய பாதை. கொல்லத்திலிருந்து 1918இல் அது திருவனந்தபுரம் வரை நீண்டது. தென் திருவிதாங்கூர் மட்டும் வெறுங்கையோடு நின்றது. நீர்வழியாவது கிடைக்கட்டும் என்று 1860இல் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்க வேண்டியது, பாதியில் நின்றுபோயிற்று. ஆகவே தெற்கத்தி மக்களுக்கு ரஸ்தாவே கதியாயிற்று. 1938இல் சமஸ்தானத்து அரசாங்கம் பஸ் போக்குவரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டபோது, முதன்முதலாக எடுத்துக்கொண்ட வழி திருவனந்தபுரம் - நாகர்கோவில் சாலைதான். ஜன நடமாட்டம் எங்கே மிகுதி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அத்தனை நடமாட்டம் இருந்தும் தண்டவாளம் வரவில்லை. நாகர்கோவில்காரர் ஒருவர் சென்னைக்கு ரயிலேற வேண்டுமானால், பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். அல்லது திருவனந்தபுரத்துக்கு வர வேண்டும்.

இதற்கிடையில் 1956 நவம்பர் முதல் தேதி ராஜ்யங்களின் எல்லை மாறிற்று. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அண்ணன் ஒரு ராஜ்யத்திலும் தம்பி ஒரு ராஜ்யத்திலுமாக ஆன குடும்பங்கள் நம் வாசகர்களிடையே எத்தனையோ உண்டு. எல்லைக் கல் நாட்டிப் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1972இல், இந்த ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1979 ஏப்ரலில் வண்டி ஓடிற்று. 1981இல் நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் இடையே பாதை இணைந்ததும், நம் ஊர்ப் பாதை தனிக் கிளையாக இருந்த நிலை மாறி, வடக்கே செல்லும் பெரும்பாதையின் ஓர் அங்கமாயிற்று. இந்த இணைப்பினால் நமக்கு வந்த லாபத்தையும் நஷ்டத்தையும் பின்னர்ச் சொல்லுகிறேன்.

வழியைச் சற்றுப் பார்ப்போம். தம்பானூரை விட்டுக் கரமனை ஆற்றைக் கடந்தால் நேமம். 2024இல் இதற்குத் ‘திருவனந்தபுரம் தெற்கு’ என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். வாய்ப் பழக்கம் மாறச் சில காலம் ஆகும். அடுத்தது பாலராமபுரம். இங்கே இறங்குகிறவர்கள் கைத்தறி வாங்கிப் போவார்கள். அந்தத் தறியின் பூர்வீகம் நம் பக்கத்தது என்பதை எல்லோரும் நினைப்பதில்லை. பாலராமவர்மா மகாராஜா காலத்தில் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து சாலியர் குடும்பங்களை வரவழைத்துக் குடியேற்றியதால் வந்த தொழில் அது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் வந்த வழியைத்தான், இன்று நாம் ஸீஸன் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடக்கிறோம். அப்புறம் நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம். காலை வண்டியில் பிள்ளைகள் கூட்டமாய்த் தனுவச்சபுரத்தில் இறங்குவதற்கு அங்குள்ள கல்லூரியும் ஐ.டி.ஐ.யும் காரணம். பாறசாலை கேரளத்தின் கடைசி ஸ்டேஷன். அதைத் தாண்டினால் குழித்துறை மேற்கு, குழித்துறை, பள்ளியாடி, இரணியல், வீராணி ஆளூர் என்று நாகர்கோவில் வரையில் ஊர்கள் நெருக்கமாக வருகின்றன. எல்லை எங்கே கடந்தது என்று வண்டியில் இருப்பவருக்குத் தெரிவதில்லை.

ஒற்றசேகரமங்கலத்து அன்பர்கள், ‘எங்கள் ஊரில் ரயிலே இல்லையே, எங்களுக்கு ஏன் இந்தக் கதை?’ என்று கேட்கலாம். உண்மையில் இந்தப் பாதையை மிகவும் நம்பியிருப்பவர்கள் அவர்களைப் போன்றவர்களே. கிழக்கே உள்ள கிராமங்களிலிருந்து விடியற்காலைப் பஸ்ஸில் நெய்யாற்றின்கரைக்கோ பாறசாலைக்கோ வந்து, அங்கிருந்து ரயிலேறித் திருவனந்தபுரத்துக்குப் போகும் கடைச் சிப்பந்திகளும், கட்டட வேலைக்காரர்களும், ஆஸ்பத்திரிக்குப் போகும் முதியவர்களும் எத்தனை பேர்! பாறசாலையிலிருந்து தம்பானூர் சுமார் 30 கிலோமீட்டர். நெய்யாற்றின்கரையிலிருந்து சுமார் 20. சென்னையில் இந்தத் தூரத்துக்குப் பெயர் புறநகர். இங்கே அதற்குப் பெயர் ஒன்றும் இல்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடாது. ரயில்வேயில் பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. சென்னையில் புறநகர் வண்டிகளுக்கென்று தனித் தண்டவாளம் உண்டு. வெளியூர் எக்ஸ்பிரஸ் வந்தாலும் அவை தம் போக்கில் போகும். நம் பாதையோ ஒற்றைப் பாதையாகப் போடப்பட்டது. ஒற்றைப் பாதையில் எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகள் ஸ்டேஷனில் மட்டுமே ஒன்றையொன்று கடக்க முடியும். அப்போது எது காத்திருக்கும்? எக்ஸ்பிரஸ் காத்திருக்காது. 1981இல் பெரும்பாதையோடு இணைந்ததன் லாபம், இங்கிருந்தே தூர தேசங்களுக்கு வண்டி கிடைத்தது; நஷ்டம், அந்தத் தூர வண்டிகளுக்கெல்லாம் நம் பாசஞ்சர் வழிவிட்டு நிற்க வேண்டியதாயிற்று. சுமார் 87 கிலோமீட்டர் நீளமுள்ள திருவனந்தபுரம் - கன்னியாகுமரிப் பாதையை இரட்டையாக்க 2017இல் மத்திய மந்திரிசபை ஒப்புதல் தந்தது. முழுத் தூரமும் இரட்டையாகும் வரையில் ‘கிராஸிங்’ என்ற சொல் நம் பேச்சிலிருந்து போகாது. திருவனந்தபுரத்தை மையமாக வைத்துப் புறநகர் ரயில் விடுவதற்கு ஒரு திட்டம் தீட்டப்பட்டதும் உண்டு. ஆனால் அதன் பார்வை வடக்கே செங்ஙன்னூரை நோக்கியிருந்ததேயன்றித் தெற்கே திரும்பவில்லை. அதுவும் நடைமுறைக்கு வரவில்லை.

2020 மார்ச்சில் கொரோனா நோயை முன்னிட்டு நாடு முழுவதும் பிரயாணி வண்டிகள் நின்றபோதுதான், இந்த வண்டி யாருடையது என்பது தெரிந்தது. எக்ஸ்பிரஸ்கள் முதலில் திரும்பி வந்தன. பாசஞ்சர்களும் ஸீஸன் டிக்கெட்டும் கடைசியில் வந்தன. வந்தபோது பாசஞ்சர், ‘எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்’ என்று வேஷம் மாற்றிக்கொண்டு வந்தது. வேகம் கூடவில்லை, 10 ரூபாயாக இருந்த குறைந்த கட்டணம் மட்டும் 30 ஆயிற்று. 2024 பிப்ரவரியில்தான் பழைய பத்து ரூபாய் திரும்பிற்று. அந்த நான்கு ஆண்டுகளில், பாறசாலைக்கு வந்து ரயிலேற வேண்டிய கூலிக்காரர் ஒருவர், போக வர ஒரு நாளைக்கு 40 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், மாதம் 25 நாள் வேலைக்கு அது 1,000 ரூபாய். ஸீஸன் டிக்கெட் இல்லாதவர் கையிலிருந்து போன பணம் அது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அமரவிளை போன்ற ஹால்ட்டுகளில் வழக்கமாக டிக்கெட் விற்பவர் கமிஷன் ஏஜெண்டு, சம்பளக்காரர் அல்லர். ஓரிடத்தில் வண்டி நிற்பதா வேண்டாமா என்பதை நிர்ணயிக்கும்போது, அங்கே எத்தனை டிக்கெட் விற்றது என்ற கணக்கைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பிளாட்பாரத்தில் நூறு பேர் நின்றாலும் கணக்கில் இருபது டிக்கெட் இருந்தால், அங்கே ஏறுகிறவர்கள் இருபது பேரே. ‘இரண்டு ஸ்டேஷன்தானே’ என்று டிக்கெட் வாங்காமல் ஏறுகிற வாலிபர்கள் தங்கள் பாட்டியின் வண்டியைத்தான் நிறுத்துகிறார்கள். டிக்கெட்டை அடுத்த பெரிய ஸ்டேஷன் பெயரில் எடுக்கிறவர்களும் அப்படியே. மொபைல் போனில் எடுத்தாலும் சரி, ஏறும் ஊரின் பெயரைப் போட்டு எடுங்கள்.

ஸீஸன் டிக்கெட்டைப்பற்றிச் சில விவரங்கள். 150 கிலோமீட்டர் தூரம் வரையில் மாதச் சீட்டு கிடைக்கும். ஆகவே பாறசாலையிலிருந்து கொல்லம் போகிறவரும் எடுக்கலாம். மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் மாதக் கட்டணத்தைப்போல 2.7 பங்குதான். முன்பதிவுப் பெட்டியில் இது செல்லாது. சூப்பர்ஃபாஸ்ட் வண்டியில் ஏற வேண்டுமானால் அதற்கென்று துணைக் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சலுகைச் சீட்டு உண்டு. வீட்டிலிருந்து படிக்கும் இடத்துக்குப் போய்வரப் பெண்களுக்குப் பட்டப்படிப்பு வரையிலும், ஆண்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும் இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டை இலவசமாகவே வழங்க விதி இருக்கிறது. அதற்குப் பள்ளியிலோ கல்லூரியிலோ கையெழுத்திட்டுத் தரும் சான்று வேண்டும். அந்தக் காகிதத்தைப் பூர்த்தி செய்யாமல் விட்டுவிட்டு மாதந்தோறும் பணம் கட்டும் பெற்றோர் இருக்கிறார்கள்; அடுத்த திங்கட்கிழமையே பிள்ளைகளிடம் சொல்லி வாங்கிவரச் செய்யுங்கள்.