நாவின் குற்றமா, தட்டின் குற்றமா?

ஈப்போ கல்லுமலை முருகனுக்கு 48 நாள் மரக்கறி உணவு மட்டும் உண்டு காவடி செலுத்துவோர் பலர். அவருள் சிலர், நேர்த்திக்கடன் முடிந்த மறுநாளே, இழந்ததையெல்லாம் ஒரே இலையில் மீட்பவர்போல் உண்டு தீர்ப்பதும் எவரும் அறியாததன்று. மரக்கறி உணவையே வாழ்நாள் நெறியாக ஏற்றோரிலும், பகலெல்லாம் அடங்கியிருந்து, நள்ளிரவில் முறுக்கும் இனிப்பும் கட்டுமீறித் தின்று, பின் நாணிக் குன்றுவோர் உண்டு. இவர்களைப் பற்றி ஊர் கூறும் தீர்ப்பு ஒன்றே: "நாவடக்கம் இல்லை." இத்தீர்ப்புத் தவறானது மட்டுமன்று, தீங்கானதும் ஆகும்.

அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1944-45ஆம் ஆண்டுகளில் நடந்த ஓர் ஆய்வுக்கு, உடல்நலம் வாய்ந்த 36 இளைஞர்கள் தாமே முன்வந்தனர். ஏறத்தாழ ஆறு மாதம் அவர்களுக்கு அரைவயிற்று உணவே அளிக்கப்பட்டது. அவர்தம் எண்ணமெல்லாம் உணவையே சுற்றியது. கட்டுப்பாடு நீங்கியபின், வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் உண்டோர் அவருட் பலர். போரில் ஆயுதம் ஏந்தமாட்டோம் எனக் கொள்கைக்காக நின்றவர்கள் அவர்கள். அவர்களுக்கா மனத்திண்மை இல்லை?

குற்றம் தட்டில் இருக்கிறது. பேராக்கின் தோட்டப்புறங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்க்குச் சோறு மலையாகக் குவிந்ததில் பொருளிருந்தது. உழைப்பு அதனை எரித்தது. பின்னர் இரப்பர் மரங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டன. மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தனர். வேலை மாறிற்று, தட்டு மாறவில்லை. விரத நாள் வந்தால் அத்தட்டிலிருந்து மீனும் கறியும் மட்டுமே விலகுகின்றன. அவ்விடத்தை நிரப்புவன பருப்பும் பயறும் அல்ல. மேலும் ஓர் அகப்பை வெள்ளைச் சோறும், அப்பளமும், உருளைக்கிழங்கு வறுவலும், சீனி மிகுந்த தேநீருமே. புரதமும் நாரும் குறைந்த உணவு நெடுநேரம் தாங்குவதில்லை. பசி மீண்டும் எழும். அதனைப் பசியென்று ஒப்பாமல் ஆசையென்று பழிப்பது எந்த அறம்? 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களுள் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. தட்டைப் பற்றிய அலட்சியத்தை இச்சமூகம் இனியும் தாங்காது.

"விரதம் மனத்தை அடக்கவே, வயிற்றுக் கணக்கு எதற்கு?" என்பர் சிலர். மனத்தை அடக்கும் நோன்பு போற்றத்தக்கதே. ஆனால், காலையும் நண்பகலும் பட்டினி கிடந்து இரவில் கட்டுமீறுவது அடக்கமன்று. கடன் வாங்கி வட்டியுடன் கட்டுவதே. வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். மருந்து என்னும் அதிகாரத்தில், பசித்தபின் அளவறிந்து உண்ணும் முறையையும் வகுத்தார். முன்னதை மேடையில் முழங்கிப் பின்னதை மறப்பது குறளைப் பாதியாக்குவதாகும்.

தீர்வு தொலைவில் இல்லை. கச்சாங் பூத்தேக்குப் பெயர்பெற்ற புந்தோங்கில் கொண்டைக்கடலைக்கா பஞ்சம்? பொரித்ததைக் குறைத்து, அவித்த கடலையும் பயறும் தெம்பேயும் கீரையும் வேளை தவறாமல் தட்டில் ஏறட்டும். விரும்பிய பலகாரத்தை முற்றும் விலக்காமல், பகலில், பிறரோடு அமர்ந்து அளவோடு உண்ணட்டும். விலக்கப்பட்டதே இருளில் பேருருக் கொள்கிறது. அதன்பின்னும் கட்டுமீறல் தொடருமாயின் அது நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லத்தக்கது, மறைக்கத்தக்கதன்று.

தமிழாசிரியர், "நாவை அடக்கு" என்று மாணவனுக்கு உரைக்குமுன், "காலையில் என்ன உண்டாய்?" என்று கேட்கட்டும். முன்னது அவனைக் குற்றவாளி ஆக்கும். பின்னது அவனைக் காக்கும்.