முதல் மிதி, கடைசி மிதி

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் என் காரை முதன்முதலாக இறக்கிய நாளில், ஐந்தாவது லேப்பில் பிரேக் பிடிக்கவில்லை. பெடல் கல்லாக நின்றது. பலம்கொண்ட மட்டும் மிதித்தும் வேகம் குறையவில்லை. வளைவு தாண்டி மண்ணில் போய் நின்றேன்.

பிட்டில் இருந்த மெக்கானிக் ஒரே கேள்விதான் கேட்டார்: "பெடல் உள்ளே போச்சா, நின்னுச்சா சார்?" நின்றது என்றேன். "அப்ப பிரேக் பேட். பஞ்சு மாதிரி உள்ளே போயிருந்தா ஆயில் கொதிச்சிருக்கும்."

மணிக்கு 140 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தும்போது எழும் சூடு, 100-லிருந்து நிறுத்துவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. லேப்புக்கு லேப் அதுவே தொடர்ந்தால் டிஸ்க் ஆற நேரமேது? சாதாரண பேட்டில் துகள்களை ஒட்டிவைத்திருக்கும் பிசின் வெந்து வாயுவாகி, டிஸ்குக்கும் பேட்டுக்கும் நடுவே புகுந்துவிடுகிறது. பிடிப்பு போய்விடுகிறது.

பந்தய பேட் அந்தச் சூட்டைத் தாங்கும். ஆனால் சூடேறினால்தான் அது நன்றாகப் பிடிக்கும். ஆறிக் கிடக்கையில் பிடிப்பு குறைவு. கீச்சிடும், டிஸ்கையும் தேய்க்கும். அதனால் பேட் வாங்கும்போது விலையைப் பார்க்காதீர்கள். எந்தச் சூட்டிலிருந்து எந்தச் சூடுவரை அது வேலை செய்யும் என்று கேளுங்கள். எப்போதாவது டிராக்குக்குப் போய் அதே காரில் வீடு திரும்புகிறவருக்கு இடைப்பட்ட ரகமே ஏற்றது. பின்சக்கரத்துக்கு மட்டும் கடுமையான பேட் போடவே கூடாது. பின்பக்கம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும்.

பேட்டோடு பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் உறிஞ்சிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். புது பேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றிப் பழக்குங்கள். அதன் மெல்லிய படலம் டிஸ்கில் சீராகப் படிய வேண்டும். கடைசி லேப்பை மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் இழுக்காதீர்கள்.

முழுப் பந்தய பேட் போட்டிருந்தால், கிளம்புமுன் கழற்றி பழையதை மாட்டிவிடுங்கள். வெளியே வந்தால் பெங்களூரு நெடுஞ்சாலை. லாரிக்குப் பின்னாலிருந்து ஒருவர் சாலையைக் கடக்க எட்டிப் பார்ப்பார். அவருக்காக நீங்கள் மிதிக்கும் முதல் பிரேக், ஆறிப்போன பிரேக்.