இணைய மறுக்கும் அஞ்சல்

கடிதம் வராத வீட்டின் கவலையை யாழ்ப்பாணத்தாருக்கு எடுத்துக்கூற வேண்டுவதில்லை. ஏ-9 நெடுவீதி மூடுண்டிருந்து, 2002 இல் திறக்கப்பட்டு, 2006 இல் மீண்டும் மூடப்பட்ட காலங்களில், பிள்ளை நலமாயிருக்கிறான் என்னும் ஒரு வரிக்காகத் தாய்மார் வாரக்கணக்காய்ப் படலையைப் பார்த்திருந்தனர். இன்று ரொறன்ரோவில் இருக்கும் மகன் எழுதும் மடல் சில நொடிகளில் வந்து சேர்கின்றது. ஆயினும், ஒருநாட் காலை கணினியிலுள்ள அஞ்சற் செயலி, "சேவையகத்துடன் இணைய முடியவில்லை" என்று கூறி நின்றுவிடுமாயின், அந்தப் பழைய கலக்கம் திரும்பவும் நெஞ்சிற் புகுந்துவிடுகின்றது.

அவ்வேளையில் நம்மவர் செய்வது யாது? கடவுச்சொல்லைப் பத்துமுறை தட்டுவர். பின்னர் கணக்கையே அழித்துவிட்டுப் புதிதாக அமைப்பர். அதுவும் பலிக்காவிடின் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவர். நாடி பாராமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பானது இது. பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஒழுங்காக நான்கு கேள்விகளைக் கேட்டால் நோய் பெரும்பாலும் தானே வெளிப்படும்.

முதலாவது, வழி திறந்திருக்கின்றதா? இணைய உலாவியில் ஏதேனுமொரு தளத்தைத் திறந்து பாருங்கள். அது திறக்காவிடின் குற்றம் இணைப்பிலோ ரூட்டரிலோ உள்ளது. செயலியை நோவதிற் பயனில்லை. திறக்குமாயின், அவ்வுலாவி வழியாகவே உங்கள் அஞ்சற்பெட்டிக்குள் நுழைந்து பாருங்கள். உள்ளே மடல்கள் இருக்கக் கண்டால் ஆறுதல் கொள்ளலாம். கணக்கு நலமாயிருக்கின்றது, செயலிக்கும் சேவையகத்துக்கும் இடையிலேதான் பிணக்கு.

இரண்டாவது, துறை சரியா? சேவையகம் ஒன்றேயாயினும் அதற்குத் துறைகள் பல. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. காங்கேசன்துறையில் அடைய வேண்டிய கப்பல் ஊர்காவற்றுறையிற் போய் நின்றால் சரக்கு எவ்வாறு இறங்கும்? மடல் பெறுவதற்கு ஐமப் முறையாயின் 993, பொப் முறையாயின் 995. அனுப்புவதற்கு 465 அல்லது 587. இவை பாதுகாப்பான இணைப்புக்குரிய வழக்கமான எண்கள். முன்னாளில் அனுப்புதற்குப் பயன்பட்ட 25 ஆம் துறையை, வேண்டாத மடல்களின் தொல்லை காரணமாக இணைய நிறுவனங்கள் பல அடைத்து வைத்துள்ளன. மடல் வருகின்றது, ஆனால் போகவில்லை என்றால், வழியை ஐயுற வேண்டியதில்லை. அனுப்பும் பகுதியின் அமைப்பை மட்டும் பாருங்கள். பாடசாலையில் இணையாத செயலி கைத்தொலைபேசியின் இணைப்பில் இணையுமாயின், பாடசாலை வலையமைப்பே அத்துறையைத் தடுக்கின்றது என்று கொள்ளலாம்.

மூன்றாவது, கடிகாரம் சரியா? இது பலரும் எண்ணிப்பாராதது. சேவையகம் தன்னை இன்னாரென்று காட்ட ஒரு சான்றிதழை நீட்டுகின்றது. அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பழைய மேசைக் கணினியின் உள்ளேயிருக்கும் சிறு பற்றறி தேய்ந்துவிட்டால், மின்வெட்டின் பின் கணினியின் திகதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். அப்போது நல்ல சான்றிதழும் அதற்குப் பொய்யாகத் தோன்றும். திகதியைத் திருத்துங்கள், பற்றறியை மாற்றுங்கள். திகதி சரியாயிருந்தும் சான்றிதழ் பற்றிய எச்சரிக்கை வருமாயின், அதனை ஒப்புக்கொண்டு அப்பாற் செல்லாதீர்கள். வேறொருவர் இடையில் நிற்கவும் கூடும்.

நான்காவது, திறப்புச் சரியா? இங்கேதான் இப்போது பலர் இடறுகின்றனர். கடவுச்சொல் ஓரெழுத்தும் பிழையின்றி இருந்தும் கதவு திறவாது. காரணம், பூட்டே மாற்றப்பட்டுவிட்டது. தனியார் கணக்குகளுக்குள் வெறுங் கடவுச்சொல்லை மட்டும் கொண்டு பிற செயலிகள் நுழைவதைக் கூகிள் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கிற்று. மைக்ரோசொப்ட் தன் அவுட்லுக் தனியார் கணக்குகளுக்கு 2024 செப்ரெம்பர் 16 இல் அவ்வாறே செய்தது. ஆகவே, உலாவி வழியாக ஒப்புதல் பெறும் புதிய முறையை அறிந்த செயலியே வேண்டும். தண்டர்பேர்டின் புதிய பதிப்புகள் அதனை அறியும். கூகிளில் இரண்டு படிச் சரிபார்ப்பை ஏற்படுத்தியவர்கள், செயலிக்கென 16 எழுத்துள்ள தனிக் கடவுச்சொல்லையும் பெறலாம். பழைய செயலியில் பழைய சொல்லையே ஓயாது தட்டுவதால் கணக்குச் சிலவேளை பூட்டப்படுவதே மிச்சம்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. எதனைச் செய்தாலும் கணக்கை அழித்துவிடாதீர்கள். பொப் முறையில் அமைந்த செயலிகள் பல, மடலை இறக்கியதும் சேவையகத்திலுள்ள மூலத்தை நீக்கிவிடுகின்றன. பின்னர் அம்மடல் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கும். கணக்கை அழிக்கையில் அதுவும் உடன் போகலாம். காலஞ்சென்ற தந்தை எழுதிய மடல்களை எந்தக் கடைக்காரர் மீட்டுத் தருவார்? 1981 இல் நூலகம் எரியக் கண்ட ஊர் நம்முடையது. இரண்டாவது பிரதி இல்லாத ஏட்டின் கதி என்னவென்பதை நாம் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை. முதலில் மடல்களைப் படியெடுத்து வேறோரிடத்தில் வையுங்கள். பிறகு பழுது பாருங்கள்.

மாணவர்களுக்கு ஒரு சொல். விண்ணப்பம் அனுப்பும் கடைசி நாளில் செயலி இணைய மறுத்தால், அதனுடன் மல்லுக்கட்டிக்கொண்டு இராதீர்கள். இணைப்பு இருக்குமாயின், உலாவியைத் திறந்து அதன்வழி மடலை அனுப்பிவிடுங்கள். செயலியை நாளையும் திருத்தலாம். விண்ணப்ப முடிவு நாளோ நமக்காகக் காத்திராது.