வீட்டைச் சோதனை போட வந்தால்...



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வற்றலுக்கு நறுக்கிய மாங்காயைப் பாயில் பரப்பிக் கொண்டிருந்தேன். திருத்தங்கல் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். பட்டாசு ஆபீஸில் வேலை பார்க்கிறவள். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. பேசத் தொடங்கும் முன்பே கண்ணில் தண்ணீர்.

"அக்கா, ராத்திரி பதினோரு மணிக்குப் போலீஸ் வந்து கதவைத் தட்டினாக. வீடு பூரா தேடினாக. கொழுந்தனோட கூட்டாளி வச்சிட்டுப் போன பையில கஞ்சா இருந்துச்சாம். கொழுந்தனைக் கூட்டிட்டுப் போயிட்டாக. என்னையக் கையெழுத்துப் போடச் சொன்னாக, போட்டுட்டேன்."

"என்ன எழுதியிருந்தது?"

"படிக்கலக்கா. கை நடுங்குச்சு. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வேற வரச் சொல்லியிருக்காக."

கறுப்புக் கோட்டு மாட்டிக் கொண்டு தினமும் கோர்ட்டுக்குப் போகிற எனக்கே அவளைப் பார்த்து வயிற்றைப் பிசைந்தது. திரியும் மருந்தும் தேடி வீடுகளில் சோதனை போடுவது நம் சிவகாசி, சாத்தூர் பக்கம் புதிதல்ல. ஆனால் கஞ்சா வழக்கு அதைவிடக் கடுமையானது. அதற்கான மத்திய சட்டம் 1985-ல் வந்தது. கடுமையான சட்டம் என்பதாலேயே, சோதனை எப்படி நடக்க வேண்டும் என்பதற்கும் அதில் கட்டுப்பாடுகள் உண்டு.

பகலில், நம்பத் தகுந்த தகவல் இருந்தால், வாரண்டு இல்லாமலும் அதிகாரி வீட்டுக்குள் வரலாம். சூரியன் மறைந்த பிறகு வாரண்டு இல்லாமல் வருவதென்றால், ஏன் காத்திருக்க முடியாது என்ற காரணத்தை எழுதி வைக்க வேண்டும். அதன் நகல் 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குப் போக வேண்டும். வாசலிலேயே மறித்துச் சண்டை போடாதீர்கள். யார், எந்த ஸ்டேஷன் என்று மரியாதையாகக் கேளுங்கள். மணியைப் பார்த்துக் குறித்துக் கொள்ளுங்கள்.

பெண்ணின் உடம்பை பெண்தான் சோதிக்க வேண்டும். "மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் சோதியுங்கள்" என்று கேட்கும் உரிமையும் உண்டு. அப்படி ஓர் உரிமை இருப்பதை அதிகாரியே முதலில் சொல்ல வேண்டும் என்று 1999-ல் பல்தேவ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஆனால் இது உடம்பைச் சோதிப்பதற்கு மட்டும்தான். கையில் இருக்கும் பைக்குப் பொருந்தாது.

வீட்டைத் தேடும்போது அக்கம்பக்கத்தைச் சேர்ந்த, நடுநிலையான இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும். நீங்களும் கூடவே நின்று பார்க்கலாம். எடுத்த பொருளுக்கெல்லாம் பட்டியல் எழுதி உங்களுக்கு ஒரு நகல் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல், சோதனை முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்றும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது.

பட்டியலில் எடையைக் கட்டாயம் பாருங்கள். கஞ்சா 1 கிலோவுக்குள் இருந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் போனால் குறைந்தது 10 வருஷம். மகஜரில் எழுதும் ஓர் எண் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றிவிடும். அதனால் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத் தாளில் போடவே வேண்டாம். விசாரணையில் நீங்கள் வாயால் சொன்னதைப் போலீஸார் எழுதினால், அதில் நீங்கள் கையெழுத்திடச் சட்டமே இடம் தரவில்லை.

நம் தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபர் 29 அன்று சுப்ரீம் கோர்ட் இன்னொன்றும் சொன்னது. இந்தச் சட்டத்தின் கீழ் விசாரிக்கும் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது.

"ஸ்டேஷனுக்கு நீ போக வேண்டியதில்லை" என்றேன் அவளிடம். சாட்சியாக ஒரு பெண்ணை விசாரிப்பதென்றால் அவள் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். அவள் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சோதனையில் ஒரு விதி தவறியது என்பதற்காக வழக்கு தானாகப் போய்விடாது. பொருள் உங்கள் வசம் இருந்தது என்று ஆகிவிட்டால், தெரிந்தே வைத்திருந்தீர்கள் என்றுதான் கோர்ட் முதலில் எடுத்துக் கொள்ளும். தெரியாது என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். தெரிந்தே வீட்டில் இடம் கொடுத்தாலும் குற்றம். அதனால் கொழுந்தனின் கூட்டாளியோ தம்பியின் சிநேகிதனோ, "மதினி, இந்தப் பை ரெண்டு நாள் இருக்கட்டும்" என்றால், "திறந்து காட்டுப்பா" என்று கேளுங்கள். முகத்தை முறிக்கிறோமே என்று பார்க்காதீர்கள்.

வீட்டுப் பிள்ளையே இந்தப் பழக்கத்தில் விழுந்திருந்தால் மூடி மறைக்காமல் சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள். சிறிய அளவு சம்பந்தப்பட்ட வழக்கில், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெறும் அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்குக் கிடைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. யோசனை கேட்க 14446 என்ற எண் இருக்கிறது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100. மறுநாள் காலை அந்தப் பெண்ணை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போய் மனு எழுதிக் கொடுத்தோம். பட்டியல் நகல் கைக்கு வந்த பிறகுதான், தான் எதில் கையெழுத்துப் போட்டோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது.

போகும்போது, "அன்னைக்கே படிச்சிருக்கலாம்லக்கா" என்றாள். அவளுக்காகத்தான் இதை எழுதினேன். நீங்கள் இன்றைக்கே படித்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.