எட்டாம் நம்பர் சட்டை

ஹேண்ட்பால் என்றொரு விளையாட்டு இருக்கிறது. உடனே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எனக்கும் அதில் பெரிய ஞானம் கிடையாது. அணிக்கு ஏழு பேர், அறுபது நிமிஷம், பந்தைக் கையால் எறிந்து கோல் போட வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும். நான் சொல்ல வந்தது வேறு விஷயம்.

ஹங்கேரியில், பாலட்டான் ஏரிக்குக் கொஞ்சம் வடக்கே, வெஸ்ப்ரேம் என்று ஓர் ஊர். ஜனத்தொகை சுமார் அறுபதாயிரம். 1977-ல் அங்கே ஓர் ஆண்கள் ஹேண்ட்பால் கிளப் ஆரம்பித்தார்கள். கம்யூனிஸ்ட் காலம் இல்லையா, அதனால் கட்டுமானத் தொழிலாளர் கிளப் என்று பெயர். 1985-ல் முதல் முறையாக தேசிய சாம்பியன். ஆட்சி மாறியது; ஸ்பான்சர்கள் வந்தார்கள். கூரை ஓடு கம்பெனி, பேங்க், டெலிபோன் கம்பெனி என்று ஸ்பான்சர் மாற மாற கிளப்பின் பெயரும் மாறியது. ஜெயிப்பது மட்டும் மாறவில்லை. தேசியப் பட்டம் இருபது தடவைக்கு மேல். 1992-லும் 2008-லும் ஐரோப்பியக் கோப்பை வென்றவர்களுக்கான கோப்பை. எல்லாவற்றுக்கும் மேலான சாம்பியன்ஸ் லீக்கில் 2002, 2015, 2016, 2019 என்று நான்கு முறை ஃபைனல் வரை வந்து நான்கிலும் தோல்வி. அதிலும் 2016-ல் ஒன்பது கோல் முன்னணியில் இருந்துவிட்டு, கடைசியில் பெனால்டியில் கோட்டை விட்டார்கள். ஊரே அழுதது.

ஆனால், அந்த ஊர் நிஜமாக அழுதது அன்றைக்கு அல்ல. அதற்கு ஏழு வருடம் முன்னால், 2009 பிப்ரவரி 8-ம் தேதி.

மரியான் கோஸ்மா ருமேனியாக்காரர். வயது 26. உயரம் 2.11 மீட்டர், நம்ம வீட்டு வாசல்படியில் குனிந்துதான் நுழைய வேண்டும். எதிரணியின் தடுப்பாட்டக்காரர்கள் நடுவே, கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, இடி வாங்கிக்கொண்டே பந்தைப் பிடித்துத் திரும்பி எறிகிற வேலை அவருக்கு. சட்டை நம்பர் எட்டு. 2006-ல் வெஸ்ப்ரேமுக்கு வந்தார். அன்றைய நள்ளிரவுக்குப் பின் ஊரில் ஒரு நைட் கிளப்பில் தகராறு. கத்திக்குத்தில் கோஸ்மா இறந்துபோனார். கூட இருந்த கோல்கீப்பர் இவான் பெசிச், குரோஷியாக்காரர். ஒரு சிறுநீரகத்தையே எடுக்க வேண்டி வந்தது. செர்பியாக்காரர் ஜார்கோ ஷெஷுமுக்குத் தலையில் பலத்த காயம்.

இந்த மூன்று பேரின் நாடுகளைக் கொஞ்சம் கவனியுங்கள். 1920-ம் வருட ட்ரியனான் ஒப்பந்தத்தில் ஹங்கேரி தன் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. டிரான்சில்வேனியா ருமேனியாவுக்குப் போனது. அந்தப் புண் இன்றுவரை ஆறவில்லை. செர்பியரும் குரோஷியரும் 1990-களில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள். வரலாற்றுப் புத்தகத்தின்படி பார்த்தால் இவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கவே கூடாது! ஆனால் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ருமேனியனுக்காக ஹங்கேரிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் மெழுகுவர்த்தி ஏற்றி அழுதார்கள். எட்டாம் நம்பர் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று கிளப் முடிவு செய்தது. 'ருமேனியன்' என்று பார்க்காமல் 'நம்ம மரியான்' என்று பார்த்தார்கள். அழகான விஷயம். இதோடு நான் கட்டுரையை முடித்திருந்தால் உங்களுக்கும் கண் கலங்கியிருக்கும்.

முடிக்க முடியவில்லை. ஏனென்றால், குத்தியவர்கள் ரோமா இனத்தவர்கள். ஜிப்ஸிகள் என்று நாம் சினிமாவில் பார்க்கிறோமே, அவர்கள்.

ஆயிரம் வருடங்களுக்கு முன் இந்தியாவின் வடபகுதியிலிருந்து கிளம்பிப் போனவர்களின் சந்ததி என்று மொழியியல் சொல்கிறது. ரோமானி மொழியில் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிப் பாருங்கள்: யேக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச். ஹிந்தி தெரிந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் யூதர்களோடு இவர்களையும் கொன்று குவித்தார்கள். கணக்கு கேட்க அதிகம் ஆள் இல்லை.

கோஸ்மா செத்த நாளிலிருந்து ஹங்கேரியில் 'ஜிப்ஸிக் குற்றம்' என்ற சொல் தெருவெல்லாம் ஒலித்தது. சொல் புதிதல்ல. யோபிக் என்ற தீவிர வலதுசாரிக் கட்சி முன்பே அதை வைத்துத்தான் வியாபாரம் நடத்திக்கொண்டிருந்தது. கொலைக்கு ஒரு வாரம் முன்பு, மிஷ்கோல்ட்ஸ் நகரப் போலீஸ் தலைவர் ஊரில் நடந்த தெருக் கொள்ளைகள் எல்லாமே ரோமாக்கள் செய்தவைதான் என்று பேசி, பதவியை இழந்து, உள்ளூர்க் கட்சிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து கொடி பிடித்ததால் சில நாளிலேயே திரும்பவும் வந்து உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் தயாராக இருந்தது. தீக்குச்சிதான் வேண்டியிருந்தது.

கோஸ்மா செத்து பதினைந்தாம் நாள். பிப்ரவரி 23. தலைநகர் புடாபெஸ்டுக்குத் தெற்கே டாட்டார்சென்ட்ஜோர்ஜ் என்று வாயில் நுழையாத பெயருள்ள ஒரு கிராமம். அங்கே கடைசி வீடு ஒரு ரோமா குடும்பத்துடையது. இரவில் யாரோ பெட்ரோல் குண்டு வீசினார்கள். தீக்குத் தப்பி ஓடிவந்த இளம் தகப்பனையும் அவனுடைய சின்னஞ்சிறு மகனையும் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார்கள். முதலில் வந்த போலீஸ் என்ன சொன்னது தெரியுமா? மின்கசிவினால் ஏற்பட்ட தீ விபத்து!

நியாயமாகப் பேசுவோம். அந்தத் தொடர் தாக்குதல்கள் 2008 ஜூலையிலேயே ஆரம்பித்துவிட்டன. எனவே கோஸ்மாவுக்குப் பழிவாங்கத்தான் சுட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. 2009 ஆகஸ்ட் வரை நடந்தவற்றில் ரோமாக்கள் ஆறு பேர் இறந்தார்கள். இனவெறி பிடித்த நான்கு ஹங்கேரியர்கள் பிடிபட்டார்கள். 2013-ல் மூவருக்கு ஆயுள், ஒருவருக்கு 13 வருடம்.

இப்போது என் கேள்வி. அந்த நாலு பேர் ஆறு உயிரைக் கொன்றார்களே, அதற்கு ஏன் 'ஹங்கேரியக் குற்றம்' என்று யாரும் பெயர் வைக்கவில்லை? அவர்கள் மட்டும் 'நாலு வெறியர்கள்'. இவர்கள் மட்டும் 'ஜிப்ஸிகள்'. பெரும்பான்மையில் ஒருவன் தப்பு செய்தால் அவனுக்குப் பெயர் உண்டு, மனநிலை உண்டு, பரிதாபமான பால்யம் உண்டு. சிறுபான்மையில் ஒருவன் செய்தால் அவனுக்கு ஜாதி மட்டும்தான் உண்டு. இது என்ன கணக்கு சார்?

"அப்போ கொலைகாரனுக்கு வக்காலத்தா?" என்று சிலர் இந்நேரம் பேனாவைத் திறந்திருப்பீர்கள். மூடிவிடுங்கள். கோஸ்மாவைக் கொன்றவர்களுக்குக் கோர்ட் முதலில் ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் முக்கியக் குற்றவாளிகள் இருவருக்கு அது 18 வருடம் ஆனது. போதாது என்கிறீர்களா? உங்களோடு சண்டை போட மாட்டேன். ஆனால் தண்டனை குத்திய கைக்குத்தான். அந்தக் கை பிறந்த தெருவுக்கு அல்ல.

ஷெஷும் குணமாகித் திரும்பி வந்து ஆடினார். 2012 ஜனவரியில் பெல்கிரேடில், தன் சொந்த நாட்டில், குரோஷியாவுக்கு எதிரான ஐரோப்பிய சாம்பியன்ஷிப் அரையிறுதி. கூட்டத்திலிருந்து பறந்து வந்த ஏதோ ஒரு பொருள் அவர் கண்ணைத் தாக்கியது. எறிந்தவன் எந்த இனம் என்று பார்த்து ஊர் ஊராகக் கொடி பிடித்தார்களா? இல்லை. எறிந்தவன் ஒரு மடையன், அவ்வளவுதான். அதுதான் சரியான தீர்ப்பு. அதே தீர்ப்பை 2009-ல் ஏன் கொடுக்க முடியவில்லை?

முடியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. துக்கத்துக்கு ஓட்டு கிடையாது, கோபத்துக்கு உண்டு. 2009 ஜூனில் ஐரோப்பியப் பார்லிமெண்ட் தேர்தல். அதுவரை சில்லறைக் கட்சியாக இருந்த யோபிக் கிட்டத்தட்ட 15 சதவிகித ஓட்டு வாங்கி மூன்று இடங்களைப் பிடித்தது. மெழுகுவர்த்தியை ஏற்றியவர்கள் வெஸ்ப்ரேம் ஜனங்கள். அதில் தீப்பந்தத்தைப் பற்றவைத்துக்கொண்டு போனவர்கள் வேறு.

எனக்கு உறுத்துவது இதுதான். ஒரு ருமேனியனை ருமேனியனாகப் பார்க்காமல் தனி மனிதனாகப் பார்க்க அந்த ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு விளையாட்டு கிளப் முப்பது வருடத்தில் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டது. ஒன்றாக ஆடினால், ஒன்றாகத் தோற்றால், பெயர் தெரிந்துவிடுகிறது. பெயர் தெரிந்துவிட்டால் இனம் பின்னால் போய்விடுகிறது. அதே நாட்டில் பல நூற்றாண்டாகப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ரோமாக்காரனின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

நாளைக் காலை பேப்பரில் ஒரு குற்றச் செய்தி வரும். நிச்சயம் வரும். படித்ததும் "இவனுங்களே இப்படித்தான்" என்று உங்கள் வாயில் ஒரு வாக்கியம் வரப் பார்க்கும். அதில் 'இவன்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த 'களே'யில்தான் ஒரு சின்னப் பையன் தீக்குத் தப்பி ஓடிவந்து கொண்டிருக்கிறான்.